அடிப்படையை ஒதுக்கலாமா?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (விலங்கியல்)

மருத்துவப் பட்டம் பெற்றும் மருத்துவராக இயலாத ஒரு கூட்டம் நம் மாவட்டத்திலும் உண்டு என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஐந்தாறு ஆண்டுகள் அயல்நாட்டில் பனியிலும் குளிரிலும் இருந்து படித்து, கையில் பட்டத்தோடு வீடு திரும்பியவர்கள் அவர்கள். ஊரார் அவர்களை 'டாக்டர்' என்றுதான் அழைக்கிறார்கள். ஆயினும் ஒரு காய்ச்சலுக்குக் கூட மருந்துச் சீட்டு எழுதும் உரிமை அவர்களுக்கு இல்லை. பட்டத்துக்கும் உரிமைக்கும் இடையில் ஒரு தேர்வு மலைபோல் நிற்கிறது.

வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கான இத்தேர்வு, 2002ஆம் ஆண்டு விதிகளின்படி தேசியத் தேர்வு வாரியத்தால் நடத்தப்பட்டு வருவது. ஆண்டுக்கு இரு முறை, ஜூனிலும் டிசம்பரிலும் வரும். ஒரே நாளில் முந்நூறு வினாக்கள். வினாவுக்கு ஒரு நிமிடம். முழுவதும் ஆங்கிலம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். 150 எடுத்தால் தேர்ச்சி. 149 எடுத்தால் இன்னும் ஆறு மாதம் வீட்டுத் திண்ணை! 2023 ஜூன் தேர்வில் எழுதியவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவரே தேறினர். 2024 ஜூனில் ஐவரில் ஒருவர். இந்தக் கணக்கைக் கண்டு, "தேர்வை எளிதாக்குங்கள்" என்று குரல் எழுப்புவோர் உண்டு.

எனக்கு அக்கருத்து உடன்பாடன்று. நான் பாம்பன்காரி. 1988இல் சாலைப் பாலம் திறக்கும் வரை எங்கள் தீவில் ஒருவருக்கு உயிர் போகும் நோய் வந்தால் ரயிலுக்கோ தோணிக்கோ காத்திருந்தார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இன்று பாலம் இருக்கிறது, 108 இருக்கிறது, 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இராமநாதபுரத்திலேயே இருக்கிறது. அவ்வளவு தூரம் பட்டு வந்து சேரும் நோயாளியைத் தொடுகின்றவர் விஷயம் தெரிந்தவராக இருக்க வேண்டாமா? வாயில் குறுகலாக இருப்பது பற்றி எனக்கு வருத்தமில்லை. அந்த வாயிலை நோக்கி நம்மவர்கள் நடக்கின்ற வழிதான் தவறு என்பது என் துணிபு.

"விலங்கியல் படிக்கும் பெண்ணுக்கு இதில் என்ன வேலை?" என்று கேட்கக் கூடும். எங்கள் தெருவில் ஓர் அக்கா இத்தேர்வுக்குப் படிக்கிறார். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் அரசுப் பள்ளியில் படித்தவர். படகில் இருந்த பங்கை விற்றும், நகைகளை அடகு வைத்தும் அவரை அவர் தந்தை அயல்நாட்டுக்கு அனுப்பினார். இரண்டு முறை தேர்வு எழுதிவிட்டார். இரண்டாம் முறை 138. கடந்த கோடை விடுமுறை முதல் நாள்தோறும் மாலையில் நான் நோட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்கிறேன், அவர் பதில் சொல்கிறார். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் என்பதால் எனக்கு இது பெருமையான வேலை. விடை சரியா தவறா என்று சொல்ல நோட்டு இருக்கிறது. ஏன் சரி என்று கேட்கத்தான் எனக்குத் தெரியும். அந்த 'ஏன்' பற்றியே இக்கட்டுரை.

இத்தேர்வு எழுதுவோரிடையே ஓர் அறிவுரை உலவுகிறது. "உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல் எல்லாம் முதலாண்டில் படித்தது; மறந்து போனது போனதுதான். அவற்றைத் தொடாதே. மருத்துவம், அறுவை, மகப்பேறு என்று பெரிய பாடங்களைப் பிடி" என்பது அது. கேட்கச் சரியாகத்தான் தோன்றும். ஆனால் கூட்டிப் பாருங்கள். உடற்கூறு 17, உடலியங்கியல் 17, உயிர்வேதியியல் 17, நோயியல் 13, நுண்ணுயிரியல் 13, மருந்தியல் 13, சட்ட மருத்துவம் 10, ஆக நூறு. இந்த நூறைக் கைவிட்டவர் மீதி இருநூறில் நூற்றைம்பது எடுக்க வேண்டும், அதாவது முக்கால் பங்கு! மாறாக, அடிப்படையில் அறுபத்தைந்து எடுத்துவிட்டவருக்கு மற்ற இருநூறில் எண்பத்தைந்து போதும். மீன் ஏலத்தில் நிற்கின்ற எந்தப் பெண்ணும் கண நேரத்தில் போட்டுவிடுகிற இந்தக் கணக்கைப் பட்டம் பெற்றவர்கள் போடாதது வியப்பே.

மதிப்பெண் கணக்கு மட்டும் என்றால் நான் எழுத வந்திருக்க மாட்டேன். அடிப்படைச் செய்திகளை எப்படித் திரும்பப் படிக்கிறார்கள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. ஒருவரிச் செய்திகளாகப் படிக்கிறார்கள். கிளிஞ்சல் பொறுக்குவது போல ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போடுகிறார்கள். பை கிழிந்ததும் எல்லாம் மணலில்.

ஒரு மாலை நான் கேட்ட கேள்வி: "மூச்சு விடத் தூண்டுவதில் முதன்மையானது எது?" அக்கா உடனே, "இரத்தத்தில் கரியமில வாயு கூடுவது" என்றார். சரியான விடை. "பிராண வாயு குறைவது ஏன் இல்லை, அக்கா?" என்றேன். "அப்படித்தான் போட்டிருக்கு, தங்கச்சி" என்றார். அங்கே நின்றுபோனது.

இந்தச் செய்திக்கு எங்கள் கடற்கரையில் உயிரோடு உலவும் விளக்கம் இருக்கிறது. என் தாயார் பாசி எடுப்பவர். சின்னப்பாலம், பாம்பன் பகுதிப் பெண்கள் கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, காலில் தகடு கட்டி, மூச்சை அடக்கிக் கடலில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி எடுப்பதை நீங்கள் அறிவீர்கள். குழாயும் இல்லை, வாயுக் கலமும் இல்லை. உள்ளே இழுத்த ஒரு மூச்சே முதல். "மூச்சு முட்டுனா வந்துரணும், இன்னும் ஒரு பிடின்னு ஆசப்படக் கூடாது" என்பது மூத்தவர்கள் இளையவர்களுக்குச் சொல்லும் பாடம். அந்த 'முட்டுதல்' என்ன? உடலில் சேர்ந்துவிட்ட கரியமில வாயு இரத்தத்தையும் மூளையைச் சூழ்ந்த நீரையும் சற்றே புளிக்கச் செய்கிறது. முகுளத்தில் உள்ள உணர்விகள் அதைக் கண்டு, "மூச்சு விடு, மூச்சு விடு" என்று அடித்துக் கூறுகின்றன. பிராண வாயு குறைவதை உணரும் உறுப்புகள் கழுத்துத் தமனி அருகே இருந்தாலும், அது வெகுவாகக் குறைந்த பின்னரே அவை உரக்கப் பேசும்.

இப்போது ஓர் ஆபத்தைப் பாருங்கள். மூழ்குவதற்கு முன் வேகவேகமாகப் பல முறை மூச்சு வாங்கினால் கூடுதல் நேரம் நிற்கலாம் என்று சில இளைஞர்கள் எண்ணுகிறார்கள். அப்படி வாங்கினால் இரத்தத்தில் பிராண வாயு அதிகமாகச் சேர்ந்துவிடுவதில்லை. ஏற்கெனவே நிறைந்த குடத்தில் எவ்வளவு ஊற்ற முடியும்? ஆனால் கரியமில வாயு வெளியேறி வெகுவாகக் குறைந்துவிடுகிறது. எச்சரிக்கை மணி அடிப்பவன் தூங்கிப் போகிறான். நீருக்கடியில் பிராண வாயு தீர்ந்துகொண்டே இருக்கும், மூச்சு முட்டாது. மேலே ஏறும்போதோ நீரின் அழுத்தம் குறைய, நுரையீரலில் மிஞ்சிய பிராண வாயுவின் அழுத்தமும் சட்டென்று விழுகிறது. நீர்மட்டத்தை எட்டும் தறுவாயில் நினைவு தப்பும். நன்றாக நீந்தத் தெரிந்தவனே இப்படிச் சாகிறான்.

இதை அக்காவிடம் அம்மா தன் வாய்மொழியில் பாதியும் நான் பாடப்புத்தக மொழியில் பாதியுமாகச் சொன்னோம். அதன்பின் அந்தக் கேள்வியை எப்படித் திருப்பிக் கேட்டாலும் அக்கா விழுவதில்லை. அதனோடு இன்னொன்றும் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. விறகடுப்புப் புகையில் ஆண்டுக்கணக்காக இருமி நுரையீரல் கெட்ட மூதாட்டி ஒருவர் மூச்சுத் திணறி வந்தால் பிராண வாயுவைக் கட்டுப்பாடின்றித் திறந்துவிடக் கூடாது, 88 முதல் 92 விழுக்காட்டுக்குள் நிறுத்த வேண்டும், இல்லையேல் கரியமில வாயு ஏறி மயக்கம் வரலாம் என்பது பெரிய பாடத்தில் வரும் செய்தி. இரு வேறு நோட்டுகளில் கிடந்த இரண்டு வரிகள் இப்போது அக்காவுக்கு உறவினர்கள்!

நம் மாவட்டத்துக்குக் கடல் பாதி, பனை பாதி. கழுத்துத் தண்டுவடத்தின் மூன்றாம், நான்காம், ஐந்தாம் நரம்புகள் சேர்ந்து உதரவிதானத்தை இயக்குகின்றன என்பதை ஆங்கிலத்தில் ஒரு பாட்டாக மனனம் செய்வார்களாம். நான் அக்காவுக்குத் தமிழில் ஒன்று கட்டிக் கொடுத்தேன்: "மூன்று நான்கு ஐந்து, மூச்சுக்கு உயிர் தந்து." கவிதை என்று யாரும் மெச்ச வேண்டாம். ஆனால் பனையேறி ஒருவர் உச்சியிலிருந்து விழுந்து கழுத்து முறிந்தால், முறிவு மூன்றுக்கு மேலே என்றால் அந்த இடத்திலேயே மூச்சு நின்றுவிடும். ஐந்துக்குக் கீழே என்றால் கைகால் விளங்காமல் போனாலும் வயிறு ஏறி இறங்கி மூச்சு ஓடிக்கொண்டிருக்கும். பனங்காட்டு ஊர்களில் இத்தகைய விபத்தை அறியாதவர் யார்? இதைத் தெரிந்துகொண்டவர் அந்த எண்களை மறப்பாரா?

உயிர்வேதியியல் என்றாலே அக்காவுக்குக் கசப்பு. ஒரு நாள் கானாங்கெளுத்தியை வைத்து ஆரம்பித்தேன். சூரையும் கானாங்கெளுத்தியும் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதன் சதையில் உள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்திலிருந்து ஒரு கரியமில வாயுத் துணுக்கைக் கழற்றி ஹிஸ்டமினாக மாற்றுகின்றன. ஹிஸ்டமினைக் கொதிக்கும் குழம்பும் அழிக்காது. தின்றவருக்கு முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பெல்லாம் தடிக்கும். "மீன் ஒத்துக்கொள்ளவில்லை" என்று ஆயுள் முழுவதும் மீனை விட்டவர்களும் இருப்பார்கள். மீன்மேல் குற்றமில்லை, ஐஸ் போடாததன் குற்றம். பேத்தை மீனின் நஞ்சு வேறு வகை. அது நரம்பின் சோடியம் வாயில்களை அடைத்துவிடுவதால் உதடு மரத்து, பின் கைகால் சோர்ந்து, மூச்சுத் தசையும் நின்றுபோகும், நினைவோ இருக்கும். மாற்று மருந்து கிடையாது. செயற்கை மூச்சுக் கொடுத்து நஞ்சு இறங்கும் வரை காப்பதே வழி. கடற்பாம்பு கடித்தால் வலிக்காது. சில மணி நேரம் கழித்துத் தசை சிதைந்து சிறுநீர் கறுக்கும். நம் நாட்டில் கிடைக்கும் பாம்புக்கடி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கு மட்டுமே. கடற்பாம்பு அந்தப் பட்டியலில் இல்லை. திருக்கை குத்தினாலோ, அந்த நஞ்சு சூட்டில் கெட்டுப்போகும் புரதம் ஆகையால், பொறுக்கும் அளவு வெந்நீரில் காலை வைப்பதே முதல் உதவி. சோடியம் வாயில், தசைப் புரதம், சூட்டில் குலையும் புரதம் என்று நூலில் படிப்பதெல்லாம் எங்கள் வலைக்குள் கிடப்பவைதாம்.

உப்புச் சர்க்கரைக் கரைசல் பற்றியும் ஒரு சொல். ஒரு லிட்டருக்குச் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9 என்று நான்கு எண்களை அக்கா நான்கு நாள் உருப்போட்டார். வயிற்றுப்போக்குக்குச் சர்க்கரை எதற்கு என்றேன். தெம்புக்கு என்றார். தெம்புக்காக மட்டுமன்று. குடலின் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் கைகோத்துத்தான் ஒரு வாயிலின் வழியே நுழைகின்றன. அவற்றின் பின்னே தண்ணீர் போகிறது. காலரா நஞ்சு அந்த வாயிலைக் கெடுப்பதில்லை. 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் ஊசிவழி ஏற்றும் நீர் தீர்ந்தபோது டாக்டர் திலீப் மகலனாபிஸ் இந்தக் கரைசலைக் கொடுத்தே உயிர்களைக் காத்தார். மண்டபம் முகாமைப் பார்த்து வளர்ந்த நமக்கு 'அகதி முகாம்' என்ற சொல் வெறும் சொல்லன்று.

பொருளற்றது விரைவில் மறக்கும் என்பதற்குச் சான்றும் உண்டு. ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனனம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். மறதியின் பெரும்பகுதி முதல் நாளிலேயே நிகழ்ந்துவிடுகிறது. அதனால்தான் ஒரே இரவில் நூறு பக்கம் என்பது வீண். இன்று கேட்டதை நாளையும், நான்கு நாள் கழித்தும், பத்து நாள் கழித்தும் கேட்க வேண்டும். கேட்க ஆள் வேண்டும். புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தால் தெரிந்தது போல ஒரு மயக்கம் வரும்; எதிரில் ஒருவர் கேட்டால்தான் தெரியாதது தெரியும். மருத்துவம் படித்தவராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. நானே சாட்சி.

பெருநகரங்களில் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. அவற்றின் கட்டணமும் விடுதிச் செலவும், படகை விற்ற வீட்டுக்கு இன்னொரு படகு. போனவர்கள் கொண்டுவரும் அச்சடித்த நோட்டுகளைப் பார்த்திருக்கிறேன். குறை சொல்ல முடியாத நோட்டுகள். ஆனால் 'ஏன்' என்பதற்கு அவற்றில் இடம் குறைவு.

மொழியையும் சொல்லியாக வேண்டும். தேர்வு ஆங்கிலத்தில்தான்; விடையும் ஆங்கிலத்தில்தான் தெரிய வேண்டும். அதற்காகப் புரிந்துகொள்வதும் ஆங்கிலத்தில்தான் என்று யார் விதித்தது? நமக்கு நேர் எதிர்க்கரையில், யாழ்ப்பாணத்து மானிப்பாயில், 1847இல் வந்திறங்கிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், தமிழிலேயே மருத்துவம் கற்பித்து மருத்துவர்களை உருவாக்கினார். கிரேயின் உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் 1872இல் தமிழில் வந்துவிட்டது! நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் நாம் 'முகுளம்' என்ற சொல்லைச் சொல்லக் கூச்சப்படுகிறோம். அக்கா முதலில் தமிழில் காரணம் சொல்வார், பிறகு ஆங்கிலத்தில் விடை சொல்வார். இந்த இரட்டை வேலை நேரத்தைத் தின்னும் என்றார்கள். தொடக்கத்தில் தின்றது உண்மை. இப்போது அந்த நேரம் வட்டியோடு திரும்பி வருகிறது.

இத்தேர்வு வெளிநாட்டில் படித்தவர்களுக்கு மட்டும் ஏன், உள்நாட்டில் படித்தவர்களும் எழுதட்டுமே என்று சிலர் வாதிடுகிறார்கள். 2019ஆம் ஆண்டுத் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் அனைவருக்கும் பொதுவான தேர்வொன்றைச் சொல்கிறது. 2023இல் அது ஒத்திவைக்கப்பட்டது. தமிழக அரசு அதை எதிர்த்து வந்துள்ளது. அந்த வாதம் பெரியவர்களுக்கு உரியது. எந்தத் தேர்வு வந்தாலும் மூச்சு விடத் தூண்டுவது கரியமில வாயுதான். அமெரிக்காவில் மருத்துவ உரிமத் தேர்வின் முதல் படியே அடிப்படை அறிவியலுக்கென்று தனியாக இருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டு அங்கே யாரும் உரிமம் பெற்றுவிடுவதில்லை.

சரி, கலைக் கல்லூரி ஆண்டு மலரில் இதை எழுதுவானேன்? நம்மிடம் இருக்கும் பொருள்களுக்காகத்தான். விலங்கியல் ஆய்வகத்தில் மனித எலும்புகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. நுண்ணோக்கிகள் இருக்கின்றன. நீரில் மூழ்கி இறந்தவரா, இறந்தபின் நீரில் வீசப்பட்டவரா என்று அறிய எலும்பு மஜ்ஜையில் டயாட்டம் தேடுவார்கள் என்பது சட்ட மருத்துவத்தில் வரும் செய்தி. இதயம் துடித்துக்கொண்டிருந்தால்தான் அந்தக் கண்ணாடி ஓட்டுப் பாசி நுரையீரலிலிருந்து மஜ்ஜை வரை போகும். (இச்சோதனையை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதக் கூடாது என்பாரும் உண்டு.) நம் கடல்நீரில் ஒரு சொட்டை எடுத்து வைத்தால் அந்த டயாட்டங்களை நாமே காட்டலாம். என் தாயார் எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து வருகின்ற அகார்மேல்தான் நுண்ணுயிர்களை வளர்க்கிறோம். வேதியியல் துறையில் அமினோ அமிலச் சோதனைகள் நடக்கின்றன. அக்காவைப் போல் மண்டபத்திலும் தங்கச்சிமடத்திலும் கீழக்கரையிலும் தனித்தனி அறைகளில் கதவைச் சாத்திக்கொண்டு படிப்பவர்கள் ஞாயிறு பிற்பகல் மூன்று மணி நேரம் இங்கே வந்து அமர்ந்தால், நாம் கேட்போம், அவர்கள் சொல்வார்கள். நம் பருவத் தேர்வில் உடலியங்கியல் தாள் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். நமக்கு இதில் நட்டமில்லை.

எலும்புப் பெட்டியின் சாவி துறைத் தலைவரிடம் இருக்கிறது. ஞாயிறு மட்டும் ஆய்வகத்தைத் திறந்துவிடக் கேட்டு இருபத்திரண்டு பேர் கையொப்பமிட்ட விண்ணப்பத்தைச் சென்ற வாரம் கொடுத்திருக்கிறோம்.